முதல் வகுப்பில் என்ன நடக்கிறது?

(திண்டுக்கல்லில் பெற்றோரும் ஆசிரியரும் தமிழன்பரும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



தமிழைப் பற்றிப் பேச ஒருவன் மேடையேறினால், கடைகளின் பெயர்ப்பலகையைப் பற்றிப் பேசுவான். கோயிலில் தமிழ் ஒலிக்காமையைப் பற்றிப் பேசுவான். முறைமன்றத்தில் தமிழுக்கு இடமில்லாமையைப் பற்றிப் பேசுவான். யாவும் பேச வேண்டியவையே. இன்று நான் அவற்றைத் தொடப் போவதில்லை. அவை அனைத்திற்கும் வேராக உள்ள ஓரிடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அவ்விடம் மிகச் சிறியது. நான்கு சுவர், ஒரு கரும்பலகை, சில குழந்தைகள், ஓர் ஆசிரியர்; அவ்வளவுதான். முதல் வகுப்பு என்று அதற்குப் பெயர். நம் திண்டுக்கல் நகரிலும், ஆத்தூர், நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்துச் சிற்றூர்களிலும், ஐந்தகவை நிரம்பிய பிள்ளைகள் அங்கே அமர்ந்து எதைக் கற்கின்றனர்? இந்த ஒரு வினாவுக்கு விடை காண்பதே என் உரை.

குழந்தை வெறுங்கையோடு பள்ளிக்கு வருவதாகப் பலர் எண்ணுகின்றனர். ஐந்து ஆண்டுகள் தாய்மடியிலும் தெருவிலும் கற்ற ஒரு பெருஞ்செல்வத்தைச் சுமந்துகொண்டுதான் அது வகுப்பின் வாயிலில் கால் வைக்கிறது. 'நான் வந்தேன்', 'அவள் வந்தாள்', 'அவங்க வந்தாங்க' என்று இடமும் பாலும் எண்ணும் பிறழாமல் பேசுகிறது. 'மரம்' என்று தனியே சொல்லும் பிள்ளை, அதன்மேல் ஏறியதைச் சொல்லும்போது 'மரத்துல ஏறினேன்' என்கிறது. மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்து சேர்வதை அதற்கு யார் கற்பித்தார்? எந்த நூற்பாவை அது உருப்போட்டது? இலக்கண ஆசிரியர் பெயரிட்டு வகுத்ததை, பெயர் அறியாமலே அது செயலில் கொண்டிருக்கிறது.

சொல்வளத்தையும் பாருங்கள். சின்னாளப்பட்டித் தறிவீட்டுப் பிள்ளைக்குப் பாவும் ஊடையும் தெரியும். திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, மாங்காய்ப் பூட்டைக் கையில் எடுத்து, சாவி எந்தப் பக்கம் திரும்பும் என்று காட்டும். சிறுமலை அடிவாரத்துப் பிள்ளை மலைவாழைப் பழத்தை மணத்தாலேயே அறிந்துகொள்ளும். நிலக்கோட்டைப் பூக்கொல்லையில் திரியும் பிள்ளைக்கு அரும்புக்கும் மொட்டுக்கும் மலருக்கும் வேறுபாடு சொல்லித்தர வேண்டியதில்லை. மல்லிகையை எந்த நிலையில் பறிக்க வேண்டும் என்பது அதன் விரலுக்கே தெரியும். இவ்வளவையும் உள்ளத்தில் வைத்துக்கொண்டு வரும் குழந்தைக்கு முதல் வகுப்பு செய்ய வேண்டிய வேலை ஒன்றே. வாயில் உள்ள தமிழுக்கு எழுத்தையும், கையில் உள்ள கணக்குக்கு எண்ணையும் இணைத்துக் கொடுத்தல்.

தமிழெழுத்து 247 என்று கூறி, அதைக் காட்டியே பெற்றோரை அச்சுறுத்துவார் உளர். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. எஞ்சிய 216-உம் உயிரும் மெய்யும் கூடிப் பிறப்பவை. அகர உயிர்மெய் பதினெட்டையும், கால், கொம்பு, சுழி முதலிய குறிகளையும் அறிந்த பிள்ளை பெரும்பாலானவற்றைத் தானே கூட்டிப் படித்துவிடும். உகர, ஊகார வரிசைகளில் மட்டும் வடிவம் எழுத்துக்கு எழுத்து வேறுபடும். அங்கே ஆசிரியர் சற்று நின்று கற்பித்தல் வேண்டும். ணா, றா, னா, லை, ளை போன்று வேறு வடிவில் நின்ற 13 எழுத்துகளையும், பெரியார் கையாண்ட முறையைத் தழுவி, 1978-இல் தமிழ்நாட்டரசு ஒழுங்கு செய்தது. அதனால் இன்றைய பிள்ளைக்குச் சுமை மேலும் குறைந்தது.

இன்னொன்றையும் நோக்குங்கள். 'கல்', 'தங்கம்', 'அகம்' என்னும் மூன்று சொற்களிலும் ககரம் உண்டு. மூன்றிலும் அதன் ஒலி வேறு. அயலான் ஒருவன் இதைக் கற்கத் திங்கள் பல உழைக்க வேண்டும். தமிழ்க் குழந்தைக்கோ இது ஒரு பாடமே ஆகாது. எழுத்தைக் கூட்டியவுடன் சொல் அதன் செவிக்குள் ஒலிக்கும். ஒலித்த சொல்லே சரியான ஒலிப்பை நாவிற்குத் தரும். எழுத்து சொல்லுக்கு வழிகாட்ட, சொல் எழுத்துக்குத் துணை நிற்கிறது. அறிந்த மொழியில் படிக்கத் தொடங்குவதன் வலிமை இதுவே.

அதே குழந்தையை ஆங்கிலவழி மழலையர் வகுப்பில் கொண்டுபோய் அமர்த்துங்கள். எழுத்தைக் கூட்டினாலும் உள்ளே சொல் ஒலிப்பதில்லை. அந்தச் சொல்லை அது வீட்டில் கேட்டதே இல்லை. 'சி-யூ-டி' என்றால் 'கட்' என்றும், 'பி-யூ-டி' என்றால் 'புட்' என்றும் ஆசிரியர் சொல்கிறார். ஏன் என்று கேட்கக் குழந்தைக்கு மொழியில்லை; கேட்டாலும் விடையில்லை. எனவே அது உருப்போடுகிறது. உருப்போட்டதை ஒப்புவிக்கிறது. பெற்றோர் மகிழ்ந்து கைதட்டுகின்றனர். கற்றல் வேறு, ஒப்புவித்தல் வேறு என்பதை அந்தக் கைதட்டல் மறைத்துவிடுகிறது.

எண்ணிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். 'பதினைந்து' என்னும் சொல்லைப் பிரித்தால் பத்தும் ஐந்தும் கிடைக்கும். 'இருபது' என்பதில் இரண்டு பத்து இருப்பது செவிக்கே கேட்கிறது. 'பதின்மூன்று', 'முப்பது' இரண்டும் தம்முள் மயங்கா. நம் எண்ணுப்பெயர்களுள் பெரும்பாலானவை தாமே கணக்கைக் கற்பிக்கின்றன. தொண்ணூறு, தொள்ளாயிரம் போன்ற சிலவற்றிற்கு மட்டும் ஆசிரியர் தனியே துணை நிற்க வேண்டும். 'இலெவன்', 'டுவெல்வ்' என்னும் ஒலிகளில் நம் பிள்ளையின் செவிக்குப் பத்தும் கேட்காது, ஒன்றும் இரண்டும் கேளா. 'தர்ட்டீன்', 'தர்ட்டி' என்று ஒன்றுபோல் ஒலிப்பவற்றிடையே அது திகைத்து நிற்கிறது. அந்தத் திகைப்பைக் கண்டு, 'பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை' என்று முடிவு கட்டுகிறோம். வராதது கணக்கா, மொழியா?

அவையோரே! பாடநூலில் எழுதப்படாத மூன்று பாடங்களை அந்த வகுப்பு நம் பிள்ளைக்குக் கற்பிக்கிறது. ஒன்று, தாய் பேசும் மொழி பள்ளிக்கு உதவாதது என்னும் பாடம். இரண்டு, பொருள் விளங்காவிட்டாலும் விடை சொல்லிவிடலாம் என்னும் பாடம். மூன்று, வீட்டுப்பாடத்தில் தாய்க்கு ஒன்றும் தெரியாது என்னும் பாடம். இம்மூன்றினும் கொடியது மூன்றாவதே. பூட்டுப் பட்டறைக்கும் தோல் தொழிற்கூடத்துக்கும் போய்வந்து பிள்ளையருகே அமரும் தாய், தமிழ்ப் பாடமாயின் தானும் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். எழுத்தறியாதவளாயின் கதையாவது கேட்பாள். ஆங்கிலப் பாடத்தின்முன் அவள் ஊமையாகிறாள். பின்னர்த் தனிப்பயிற்சிக்குக் கட்டணம். ஐந்தகவையில் பிள்ளையின் கல்வியிலிருந்து தாயை வெளியேற்றும் ஏற்பாட்டுக்குத் தாயே பணம் கட்டுகிறாள்!

இதற்காகப் பெற்றோரைப் பழிக்க நான் இங்கு வரவில்லை. தாம் பட்ட இழிவு தம் மக்களுக்கு வரலாகாது என்னும் ஏக்கமே அவர்களை அங்கே துரத்துகிறது. 'ஆங்கிலம் இல்லையேல் வேலை ஏது?' என்று கேட்கின்றனர். நேரிய வினா, நேரிய விடை தர வேண்டும். ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பது வேறு. ஆங்கிலத்தின் வழியாகக் கணக்கையும் அறிவியலையும் ஐந்தகவையில் திணிப்பது வேறு. தாய்மொழியில் படிக்கக் கற்ற பிள்ளைக்குப் படித்தல் என்னும் திறன் கைவந்துவிடுகிறது. அத்திறனைக் கொண்டு இரண்டாம் மொழியையும் அது பற்றிக்கொள்ளும். தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியே தக்கது என்று ஒன்றிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பான யுனெசுகோ 1953-லேயே அறிக்கை வெளியிட்டது. சப்பானும் கொரியாவும் தம் குழந்தைகளுக்குத் தம் மொழியிலேயே தொடக்கப் பாடம் சொல்லித் தொழில்வளத்தில் உயர்ந்தன. வேலையைப் பற்றியும் சொல்வேன். தமிழ்வழியில் படித்தோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் நம் நாட்டில் வந்தது. பள்ளிக் கல்வி முதற்கொண்டே தமிழ்வழியில் பயின்றிருக்க வேண்டும் என்று 2020-இல் அது திருத்தப்பட்டது. இன்று முதல் வகுப்பில் நீங்கள் தேரும் வழி, நாளை அவ்வுரிமையைத் திறக்கவும் செய்யும், அடைக்கவும் செய்யும். எத்தனை பெற்றோர்க்கு இது தெரியும்?

தாய்மொழிவழித் தொடக்கக் கல்வி நம் மண்ணுக்குப் புதிதன்று. 1826-இல் சென்னை ஆளுநர் தாமசு மன்றோ தொகுத்த கணக்கின்படி, அன்றைய சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் பயின்றனர். நம் பக்கத்துத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எண்சுவடியை வாய்விட்டுச் சொல்லி, காணி, மா, மாகாணி எனக் கீழ்வாய்க் கணக்கு வரை கற்றனர். அவற்றைக் குறையற்றவை என்று போற்ற மாட்டேன். பெண்மக்கள் அங்கே மிகச் சிலர், தாழ்த்தப்பட்டோர்க்குப் பெரும்பாலும் கதவு அடைத்தே கிடந்தது, பிரம்படியும் மிகுதி. ஆயினும் மொழி பற்றிய ஐயம் அங்கே எவர்க்கும் எழுந்ததில்லை. அடைத்த கதவைப் பின்னாளில் அகலத் திறந்தவர் காமராசர். சிற்றூர்தோறும் தொடக்கப் பள்ளி, 1956 முதல் நண்பகல் உணவு. பள்ளியின் மொழி தமிழ். இன்று கல்வியில் நாம் பெற்றுள்ள உயர்வெல்லாம் அந்தத் தமிழ்வழித் தொடக்கப் பள்ளிகளின் தோளில் நிற்பதே.

திண்டுக்கல்லாராகிய உங்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. சின்னாளப்பட்டிக்கு அருகில் 1947-இல் மருத்துவர் சௌந்தரம் இராமச்சந்திரன் அம்மையார் நிறுவிய காந்திகிராமத்தைச் சொல்கிறேன். 1937-இல் வார்தாவில் காந்தியார் முன்வைத்த ஆதாரக் கல்வி அங்கே நடைமுறைக்கு வந்தது. கைத்தொழிலின் வழியே பாடம், அப்பாடம் தாய்மொழியில், இவையே அதன் இரு தூண்கள். காந்தியாரின் இந்திக் கொள்கையை நாம் ஏற்றதில்லை, ஏற்கப் போவதுமில்லை. கைத்தொழிற் கல்வி, தந்தையின் தொழிலை மகன் தலையில் கட்டுவதாகத் திரிந்துவிடும் என்பதையும் அறிவோம்; 1953-இல் இராசாசி கொணர்ந்த அரைநாள் திட்டத்தைத் தமிழகம் எதிர்த்து வீழ்த்தியது அக்கரணியத்தால்தான். இருப்பினும், நூலை நூற்கும் பிள்ளை இழையை எண்ணிக் கணக்கைக் கற்கலாம், பஞ்சு விளைந்த நிலத்தைக் கேட்டு நிலநூலைக் கற்கலாம் என்பதும், அத்தனையையும் தாய்மொழியில் கற்கலாம் என்பதும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய உண்மைகள். உலகம் தேடிச் செல்ல வேண்டியதில்லை. நம் ஊர்ப் பேருந்து நிற்கும் தொலைவில் அந்தப் பாடம் கிடந்தது.

பின் ஏன் இழந்தோம்? சட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் கேளுங்கள். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கு ஏந்து செய்து தர வேண்டும் என்னும் பிரிவு 1956-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. சிறுபான்மைக்கு அவ்வாறாயின், தமிழ்நாட்டில் தமிழ்க் குழந்தைக்குச் சொல்லவும் வேண்டுமோ? 1999-இல் சென்னையில் தமிழறிஞர் 102 பேர் தமிழ்வழிக் கல்விக்காகச் சாகும்வரை உண்ணாநோன்பில் அமர்ந்தனர். அவ்வாண்டு நவம்பர் 19-இல், ஐந்தாம் வகுப்பு வரை தமிழோ தாய்மொழியோதான் பயிற்றுமொழி என்று அரசு ஆணை பிறந்தது. தனியார் பள்ளி முதலாளிகள் வழக்காடினர். 2000 ஏப்பிரல் 20-இல் சென்னை உயர் முறைமன்றம் அவ்வாணையை நீக்கியது. ஐந்து திங்கள் மட்டுமே வாழ்ந்த ஆணை அது! 2006-இல் தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் வந்தது. நல்லதே, ஆயினும் பாடமாக ஒரு மணிநேரம் தமிழ் இருப்பது வேறு, பயிற்றுமொழியாக நாள் முழுதும் தமிழ் இருப்பது வேறு. கருநாடகம் 1994-இல் பிறப்பித்த தாய்மொழி ஆணையும் 2014 மே 6-இல் உச்ச முறைமன்றத்தில் வீழ்ந்தது. பயிற்றுமொழியைத் தேரும் உரிமை பெற்றோருடையது, அரசு திணிக்கலாகாது என்றனர்.

இடையில் அரசும் தன் பங்கைச் செய்தது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், இயன்றவரை குழந்தையின் தாய்மொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்று ஒரு பிரிவில் கூறுகிறது. அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு, தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பு இடங்களில் 25 விழுக்காட்டை ஏழைக் குழந்தைகளுக்கு ஒதுக்கி, அதற்கான கட்டணத்தை அரசு தர வேண்டும் என்கிறது. நம் நாட்டில் அத்தகு தனியார் பள்ளிகளுள் பெரும்பாலானவை ஆங்கிலவழிப் பள்ளிகள். ஆக, மக்கள் வரிப்பணமே ஏழைத் தமிழ்க் குழந்தையைத் தமிழ்வழியிலிருந்து பெயர்த்தெடுக்க வழிசெய்கிறது. நடுவணரசு 2020-இல் வெளியிட்ட கல்விக் கொள்கையோ, ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழி என்று முன்வாயிலில் எழுதிவிட்டு, மும்மொழி என்று பின்வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது.

இவ்வளவும் பிறரைப் பற்றிச் சொன்னேன். இனி நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும், சிலர்க்குக் கசக்கும். தமிழ்வழி என்று பெயர்பெற்ற முதல் வகுப்பில் என்ன நடக்கிறது என்று நம்முள் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? தமிழ்வழி வகுப்பிலும் உருப்போடல் இருந்தால், ஆங்கிலவழிக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? 'அ' என்று நூறுமுறை பார்த்தெழுதிய பிள்ளை எழுத்தை வரையக் கற்றது, படிக்கக் கற்றதா? ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து வைத்துக் கற்பிக்கும் சிற்றூர்ப் பள்ளியில், கரும்பலகையைப் பார்த்தெழுதுவதே நாள் முழுதும் வேலையாகிவிடும் இடர் உண்டு. 'வந்துச்சு' என்று சொன்ன பிள்ளையை 'கொச்சை' என்று அதட்டினால், அது அடுத்த முறை வாய் திறக்காது. தூய தமிழ்ப் பற்றுடைய ஆசிரியர்க்கு இதை அழுத்தமாகச் சொல்வேன். வட்டார வழக்கு தமிழின் பகைவன் அன்று, தமிழின் விளைநிலம். முதலில் பிள்ளை தன் பேச்சில் சொல்லட்டும். பின்னர் 'வந்தது' என்பதை அதன் அருகில் வைத்துக் காட்டுங்கள். நாம் நீக்க வேண்டியவை 'மிசு', 'மம்மி', 'டாடி' ஆகியவை. ஆசிரியரை 'அம்மா', 'ஐயா' என்று அழைக்கும் வகுப்பில் எவர்க்கும் மதிப்புக் குறைந்துவிடாது.

கொரோனா நோய்த்தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளுள், முதல் எட்டு வகுப்புகளின் கதவுகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் மீண்டும் திறந்தன. ஒன்றாம் வகுப்பைக் காணாமலே பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்கு வந்து நின்றனர். அந்த இழப்பை ஈடு செய்ய 2022-இல் அரசு 'எண்ணும் எழுத்தும்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஒரே வகுப்பில் இருப்பினும் பிள்ளையின் நிலையறிந்து, அரும்பு, மொட்டு, மலர் என மூன்று படிகளாகப் பகுத்து, பாட்டும் கதையும் படவட்டையும் கொண்டு கற்பிப்பது அதன் முறை. பெயரும் தமிழ்; நோக்கமும் நன்று. நிலக்கோட்டைப் பிள்ளைக்கு அப்பெயர்களை விளக்க வேண்டியதே இல்லை! ஆனால் எத்திட்டமும் ஆசிரியர் எண்ணிக்கையாலும், அவர் கையில் எஞ்சும் நேரத்தாலுமே உயிர்பெறும். பதிவேடு நிரப்புவதில் அவர் பொழுது கழிந்தால், அரும்பு அரும்பாகவே வாடிவிடும்.

ஆகவே, இங்குள்ளோர்க்கு நான் வைக்கும் வேண்டுகோள் நான்கு.

முதலாவது, தமிழன்பர் ஒவ்வொருவரும் தம் தெருவிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவோடு தொடர்பு கொள்ளுங்கள். ஆசிரியர் இடம் ஒழிந்து கிடந்தால் அதற்காக முறையிடுங்கள். பெயர்ப்பலகைக்குப் போராடிய கைகள் இதற்கும் வேண்டும்.

இரண்டாவது, பிள்ளை படிக்கிறதா என்று அறிய மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். அது முன்னர்ப் பார்த்திராத நான்கு வரியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்; படித்ததைத் தன் சொல்லில் சொல்லச் சொல்லுங்கள். இவ்விரண்டும் வந்தால் கல்வி வந்தது. வாராவிடின், எந்தப் பள்ளியாயினும் அதைக் கேள்வி கேளுங்கள்.

மூன்றாவது, தமிழ்வழியில் ஆங்கிலத்தை நல்ல மொழிப்பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்று நாமே முன்னின்று கேட்போம். தமிழ்வழி என்றால் ஆங்கிலம் அறியாமை என்னும் பொய் ஒழிந்தால்தான் ஏழைப் பெற்றோரின் அச்சம் ஒழியும்.

நான்காவது, மேடையில் தமிழ் முழங்கிவிட்டுத் தம் பிள்ளையை ஆங்கிலவழியில் சேர்ப்போர் நம் அணியிலும் உளர். ஏழைக்குத் தமிழ்வழி, நமக்கு ஆங்கிலவழி என்றால், நம் சொல்லை எவர் நம்புவர்? உயர் முறைமன்றத்தில் நாம் தோற்றது சட்டத்தால்; ஊர்மன்றத்தில் நாம் தோற்பது இதனால்.

உச்ச முறைமன்றம் என்ன சொன்னது? தேரும் உரிமை பெற்றோர்க்கு என்றது. நன்று! அவ்வுரிமையை வைத்தே நாம் வெல்லலாம். எந்த முறைமன்றமும் ஒரு தாயைத் தன் பிள்ளைக்குத் தமிழ்வழியைத் தேராதே என்று தடுக்க இயலாது. அரசாணையால் பெற இயலாததை, வீடுவீடாகச் சென்று விளக்கிப் பெற முடியும். அதற்குத் தமிழ்வழி வகுப்பு நன்றாக நடக்க வேண்டும். நடக்கிறது என்று தாய் தன் கண்ணால் காண வேண்டும்.

வரும் சூன் திங்களில் இந்நகரின் பள்ளிக் கதவுகள் திறக்கும். புதிதாக அகவை ஐந்து நிரம்பிய பிள்ளைகள், தம் தாய் தந்த தமிழ் முழுவதையும் சுமந்துகொண்டு அங்கே வந்து நிற்பார்கள். அவர்களுள் உங்கள் தெருப் பிள்ளை ஒன்றேனும் தமிழ்வழி வகுப்பில் அமரவும், அவ்வகுப்பில் ஆசிரியர் ஒருவர் இருக்கவும் இன்றே செயற்படத் தொடங்குங்கள்!